புதுப்பிப்பு: கல் எண்ணும் டிரைவரில் எண்ணிக்கை குறைந்த சிக்கல் தீர்ந்தது

உதவியவர்களுக்கு நன்றி. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் சென்சார் வழியே கற்களை எண்ணும் லினக்ஸ் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) சில கற்களை எண்ணாமல் விழுங்குவது ஏன் என்பதே என் கேள்வி. எண்ணைப் படித்துப் பூச்சியமாக்குவதற்குள் இன்டரப்ட் (சென்சார் சிபியூவை இடைமறித்து அனுப்பும் சைகை) வந்து கூட்டியது அழிந்துகொண்டிருந்தது.

ஒரே நேரத்தில் இருவர் எண்ணைத் தொடாமல் தடுக்கும் பூட்டு வேண்டும். ஆனால் பூட்டு கிடைக்கும் வரை உறங்கிக் காத்திருக்கும் மியூடெக்ஸ் இங்கே உதவாது. இன்டரப்ட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்பகுதி) உறங்கக் கூடாது. உறங்காமல் சுழன்றபடி காத்திருக்கும் பூட்டான ஸ்பின்லாக்கும் தனியாக வம்புதான்: பூட்டை வைத்திருக்கும் அதே சிபியூவில் இன்டரப்ட் வந்தால், திறக்கவே போகாத பூட்டுக்காக ஹேண்ட்லர் சுழன்றுகொண்டே இருக்கும். உதவியவர்களில் ஒருவரான தேவகோட்டை அண்ணன் சொன்னபடி, படிக்கும் பக்கத்தில் இன்டரப்டையும் முடக்கிப் பூட்டும் 'ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ்' போட்டதும் கணக்கு நேரானது. ஹேண்ட்லருக்குச் சாதாரண ஸ்பின்லாக்கே போதும்.

எதிர்பாராத ஒன்று: கர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) பிழைகாண் வசதியை இயக்கியதும் புதிய எச்சரிக்கை வந்தது. பூட்டுக்குள் இருந்த 'காப்பி டு யூசர்' (தரவைப் பயனர் நிரலுக்கு நகலெடுக்கும் அழைப்பு) உறங்கக்கூடியதாம்; ஸ்பின்லாக்கை வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. இப்போது எண்ணைத் தற்காலிக மாறியில் எடுத்துக்கொண்டு, பூட்டைத் திறந்த பிறகே பயனருக்கு அனுப்புகிறேன்.