வாரம் 2 நாள் ஸ்பீச் தெரபிஸ்ட், 64 பிள்ளைகள்: நேரத்தை எப்படிப் பிரிப்பது?

சிறப்பாசிரியை_மதுரை:
வணக்கம். எங்கள் சிறப்புப் பள்ளியில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் எல்லாம் கலந்து 64 பிள்ளைகள். ஸ்பீச் தெரபிஸ்ட் வருவது செவ்வாயும் வெள்ளியும்தான், நாளுக்கு 5 மணி நேரம். போன வருஷம் சமமாகப் பிரித்ததில் வாரத்துக்கு ஆளுக்கு 10 நிமிஷம்கூடத் தேறவில்லை. ஒரு பையனை வீல்சேரில் தள்ளிப்போய் உட்கார வைப்பதற்குள் அடுத்த பிள்ளை வாசலில் நிற்கும். ஜூனுக்குத் திட்டம் போடணும், யோசனை சொல்லுங்கள்.

பேச்சுப்பயிற்சி_கோவை:
10 நிமிஷம் என்பது வருகைப்பதிவு, தெரபி இல்லை. முதல் 2 வாரம் யாரையும் அறைக்குக் கூப்பிடாமல் தெரபிஸ்டை வகுப்பிலும் சாப்பாட்டு வேளையிலும் உட்கார வையுங்கள். சாப்பிடும்போது புரையேறும் பிள்ளைகள்தான் முதலில். மூளை முடக்குவாதத்தில் விழுங்கும் சிக்கல் நிறைய வரும் (அதைப் பார்ப்பதும் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலைதான்), உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அடுத்து, பேச முடியாதவர்கள் படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்ல உதவும் படப் பலகையோ ஆவாஸ் செயலியோ (சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது) புதிதாகத் தொடங்குகிறவர்கள். இந்த இரண்டு குழுவுக்கும் 8 வாரம் தொடர்ந்து தனி நேரம், மற்றவர்களுக்கு வகுப்பிலேயே. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் காது டெஸ்ட் எடுத்தாச்சா? நடுக்காதில் நீர் கோத்து, கேட்பது மந்தமாவது அவர்களிடம் சகஜம்.

மகளின்_அம்மா:
என் மகள் பேசமாட்டாள். முன்பு படித்த பள்ளியில் அவளுடைய படப் பலகை தெரபி அறை பீரோவிலேயே பூட்டிக் கிடந்தது! இப்போதைய பள்ளியில் ஆயாம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டம்ளரைக் காட்டிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுகிறார், அவள் 'தண்ணி' படத்தைத் தொட்டதும் ஊற்றுகிறார். நாங்கள் வீட்டில் கேட்பதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஓய்வுபெற்ற_எச்எம்:
எல்லாம் சரி. ஆனால் "வகுப்பிலேயே பார்த்துக்கலாம்" என்று ஆரம்பித்து, கடைசியில் தெரபிஸ்டே வேண்டாம் என்று நிர்வாகம் கைகழுவியதை நான் பார்த்திருக்கிறேன். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற தெரபிஸ்ட் வாரம் எத்தனை மணி நேரம், அதில் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

சிறப்பாசிரியை_மதுரை:
நன்றிங்க. எங்கள் பலகைகளும் பீரோவில்தான் கிடக்கின்றன, வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டு வேளையிலிருந்தே தொடங்குகிறோம். "எம் புள்ளைக்கு மட்டும் ஏன் தனியா எடுக்கல" என்று கேட்கிற பெற்றோரை எப்படிச் சமாளிப்பது?

மகளின்_அம்மா:
சாப்பாட்டு வேளைக்கு ஒருநாள் வரச் சொல்லுங்கள் மேடம். நானும் அப்படிக் கேட்டவள்தான்.