நெல்லில் ஆர்செனிக்: சென்டினல்-2 மாடல் பக்கத்து வட்டாரத்தில் பொருந்தவில்லை

கேள்வி:
மேற்கு வங்கம், நதியா மாவட்டத்தின் போரோ நெல் (கோடையில் அறுவடையாகும் பாசன நெல்). சென்டினல்-2 செயற்கைக்கோளின் சிவப்பு விளிம்புக் குறியீடுகளையும் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளியில் பச்சையத்தைக் காட்டுபவை) 60 அரிசி மாதிரிகளின் ஆர்செனிக் அளவையும் வைத்து ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மாடல்) ஓட்டினேன். ஆர்-ஸ்கொயர் (கணிப்பின் பொருத்தம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8. அதே மாடலைப் பக்கத்து வட்டாரத்தில் போட்டால் சுத்தமாகப் பொருந்தவில்லை. எங்கே தவறு?

பதில் 1:
செயற்கைக்கோளுக்கு ஆர்செனிக் தெரியாது. மண்ணில் கிலோவுக்குச் சில மில்லிகிராம் இருப்பதற்கு இந்த ஒளிப்பட்டைகளில் தனி அடையாளம் கிடையாது. பி5, பி6, பி7 பட்டைகளில் (705, 740, 783 நானோமீட்டர்) நீங்கள் பார்ப்பது பச்சையம் குறைவதை. தழைச்சத்துப் பற்றாக்குறை, துத்தநாகப் பற்றாக்குறை, உவர் எல்லாமே அதே மாதிரிதான் தெரியும். பயிர் கரும்பச்சையாக நிற்கும்போதே அரிசியில் அளவு வரம்பைத் தாண்டியிருக்கலாம்; கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

0.8 வந்ததற்குக் காரணம் மாதிரிகளைக் குலுக்கிப் பிரித்ததாக இருக்கும். ஒரே குழாய்க்கிணற்றில் பாயும் வயல்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடும். கிணறு வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள்.

பதில் 2:
வயலில் எந்த இடத்தில் மாதிரி எடுத்தீர்கள்? குழாய்க்கிணற்று நீர் காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருநிறத்தில் படியும். ஆர்செனிக் அதோடு ஒட்டிக்கொள்ளும். வாமடை (நீர் வயலுக்குள் நுழையும் இடம்) அருகே செம்மஞ்சள் படலமாகக் கண்ணுக்கே தெரியும். அங்கே மண்ணில் அதிகம், கடைக்கோடியில் குறைவு. சிறு வயலில் இந்த வித்தியாசம் முழுக்க 20 மீட்டர் பிக்சல் ஒன்றிரண்டுக்குள் அடங்கிவிடும். வாமடை, நடு, கடைசி என மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள்.

செயற்கைக்கோளிடம் கேட்க வேண்டியது வேறு: வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது? நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து ஆர்செனிக்கை விடுவிக்கிறது. சிலிக்கான் போகும் வழியிலேயே அது வேருக்குள் ஏறுகிறது. ஜனவரி முதல் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் விஹெச் (செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் அலை) தொடரை எடுங்கள். ஆனால் தூர் கட்டி இலை மூடியபின் அதன் சி-பேண்ட் ரேடார் அலை அடியிலுள்ள நீரைக் காட்டாது. அதன்பிறகு துளையிட்ட வயல் நீர்க்குழாய்தான் கதி. நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுவதே காய்ச்சலும் பாய்ச்சலும். அதில் ஆர்செனிக் குறையும். காட்மியம் உள்ள மண்ணானால் அது ஏறும், இரண்டையும் அளக்கவும்.

பதில் 3:
ஆய்வகத்தில் அளந்தது மொத்த ஆர்செனிக்கா, கனிம ஆர்செனிக்கா (நச்சு அதிகமான வகை)? கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு தீட்டிய அரிசிக்குக் கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.2 மி.கி.; தவிடு நீக்காத அரிசிக்கு 0.35. அடர் அமிலத்தில் முழுதாகச் செரித்தால் வகை பிரிக்க முடியாது. 0.28 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 95 டிகிரியில் 90 நிமிடம் வைத்துப் பிரித்தெடுத்து, எச்பிஎல்சி-ஐசிபிஎம்எஸ்ஸில் (ஆர்செனிக் வகைகளைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டுங்கள். கூடவே நிஸ்ட் 1568பி (ஆர்செனிக் அளவு சான்றளிக்கப்பட்ட) அரிசி மாவையும் வையுங்கள். அதில் கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.092 மி.கி.-ஐ ஒட்டி வராவிட்டால் அந்தத் தொகுதியை மாடலுக்குள் விடாதீர்கள்.