பிப் மூலம் நீக்கிய பிறகும் எஞ்சி நிற்கும் தொகுப்புகள்

கேள்வி

வணக்கம். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் பைத்தான் கற்று வருகிறேன். பைத்தானின் வீஎன்வி கருவி மூலம் ஒரு தனிச்சூழலை (பிறவற்றோடு கலக்காமல் தொகுப்புகளை நிறுவும் இடம்) உருவாக்கி, அதில் பிளாக் (நிரலைச் சீராக வடிவமைப்பது), ஃபிளாஸ்க் (இணையச் செயலிகள் எழுத உதவுவது) ஆகிய இரண்டு தொகுப்புகளை மட்டும் நிறுவியிருந்தேன். ஃபிளாஸ்க் இனித் தேவையில்லை என்பதால் பைத்தான் தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் பிப் கருவியின் அன்இன்ஸ்டால் கட்டளையால் அதை நீக்கினேன். ஆயினும் நிறுவியவற்றைப் பட்டியலிடும் பிப் லிஸ்ட் கொடுத்துப் பார்த்தால், அதனுடன் வந்த வெர்க்ஸியூக், ஜின்ஜா2, மார்க்கப்சேஃப், இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக், பிளிங்கர் ஆகிய ஆறும் அப்படியே இருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிடலாமா?

முதல் பதில்

பொறுங்கள், கிளிக்கை மட்டும் தொடாதீர்கள். பிளாக்கும் அதைச் சார்ந்தே இயங்குகிறது. நீங்கள் நீக்கச் சொன்னால் பிப் அதைத் தடுக்காது. அடுத்த முறை பிளாக்கை இயக்கும்போதுதான் அது பிழை காட்டி நிற்கும்.

ஒரு தொகுப்பை நிறுவும்போது அதன் சார்புகளையும் (அது இயங்கத் தேவையான பிற தொகுப்புகளையும்) தேடிக் கொண்டுவரும் பிப், நீக்கும்போது நீங்கள் பெயர் சொன்ன தொகுப்பை மட்டுமே, அதன் ரெக்கார்டு கோப்பில் பதிவாகியுள்ள கோப்புகளைப் பார்த்து அழிக்கிறது. டெபியனின் தொகுப்பு மேலாளரான ஆப்டில் உள்ள, தேவையற்றுப்போன சார்புகளை நீக்கும் ஆட்டோரிமூவ் போன்ற வசதி பிப்பில் இல்லை. எனவே நீக்குவதற்கு முன் பிப் ஷோ கிளிக் என்று கொடுத்து, ரிக்வயர்ட்-பை (இதைச் சார்ந்தவை) என்ற வரியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீக்கிய பின் பிப் செக் கொடுத்தால், ஏதேனும் சார்பு விடுபட்டிருந்தால் அது சொல்லிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. பிப் லிஸ்ட் கட்டளையுடன் நாட்-ரிக்வயர்ட் என்ற தெரிவைச் சேர்த்தால், வேறு எதற்கும் தேவைப்படாதவை மட்டும் வரும் என்று படித்து முயன்றேன். ஆறில் நான்குதான் வந்தன. கிளிக் வராததன் காரணம் புரிகிறது. மார்க்கப்சேஃப் ஏன் வரவில்லை?

இரண்டாம் பதில்

வெர்க்ஸியூக்கும் ஜின்ஜா2வும் மார்க்கப்சேஃபைச் சார்ந்தவை. அவை இரண்டும் போன பிறகே அது பட்டியலில் தலைகாட்டும். இப்படி அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே போவதைவிட, தனிச்சூழலின் அடைவையே (கோப்புறையையே) அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தனிச்சூழல் என்பது ஓர் அடைவுதான். உங்கள் நிரல்களை அதற்குள் வைத்திராதவரை, அதை அழிப்பதால் இழப்பு ஏதும் இல்லை. வேண்டியவற்றின் பெயர்களை ஒரு ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் கைப்பட எழுதி வையுங்கள். இப்போதைய நிலையில், நிறுவியுள்ள தொகுப்புகளைப் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கொண்டு அக்கோப்பை உருவாக்கினால் எஞ்சிய குப்பையும் அதில் சேர்ந்துவிடும்.

மூன்றாம் பதில்

பிளாக் ஒரு கட்டளைவரிக் கருவி என்பதால், அதை ஆப்ட் மூலம் கிடைக்கும் பிப்எக்ஸ் கொண்டு நிறுவுவது நல்லது. பிப்எக்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் தனிச்சூழல் அமைத்து, நீக்கும்போது அச்சூழலைச் சார்புகளோடு முழுமையாக அழித்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: தனிச்சூழலுக்கு வெளியே பிப்பை இயக்கினால், இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று கூறி டெபியன் 12 மறுத்துவிடும். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற தெரிவைச் சேர்த்து அத்தடையைத் தாண்டும் வழியைச் சிலர் காட்டுவார்கள். தயவுசெய்து சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) அதைச் செய்யாதீர்கள். இயங்குதளத்தின் கருவிகள் பலவும் அதே பைத்தானை நம்பியிருக்கின்றன. பிப் கொண்டுவரும் வேறொரு பதிப்பு அவற்றின் தொகுப்பை மறைத்துவிட்டால், பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

கேட்டவர்

பழைய அடைவை அழித்துவிட்டு, பிப்எக்ஸ் மூலம் பிளாக்கை நிறுவிக்கொண்டேன், சரியாக இயங்குகிறது. மூவருக்கும் நன்றி.