ஹீட்டர் ப்ளோயரில் கடகட சத்தம்: மோட்டாரை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி

வணக்கம். அப்பா ஓட்டிய பழைய பிக்கப் வண்டியை இப்போது நான் ஓட்டுகிறேன். இரண்டு வாரமாக ஹீட்டரைப் போட்டதும் டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. ஓட்டுநர் பக்கம் இல்லை, அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு நேர் எதிரே. காற்றைத் தள்ளும் ப்ளோயர் ஃபேனின் ஒன்றாம் வேகத்தில் 'டிக், டிக்' என்று எண்ணிவிடலாம் போல. மூன்றில் 'டர்ர்ர்' என்று ஆகிவிடுகிறது. நான்கில் டேஷ்போர்டே அதிர்கிறது. வளைவில் திரும்பும்போது சில நேரம் பட்டென்று நின்று, நேரே வந்ததும் மறுபடி தொடங்கும். காலையில் முதல்முறை போடும்போது மட்டும் ஒரு கீச்சுச் சத்தமும் கூட வருகிறது.

காட்டிய இடத்தில் எதையும் பிரிக்காமலே மோட்டார் போய்விட்டது, மாற்று என்றார்கள். கைக்கு ஸ்பேனர் பழக்கம் உண்டு. நானே பார்க்கலாம் என்றால் எங்கே தொடங்குவது?

பதில் 1

தம்பி, பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் காதைக் கொடுங்கள். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஃபேனைப் போடுங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் கணக்கிலிருந்து போயிற்று. அடுத்து, ஃபேன் வேகத்தை மாற்றாமல் சூடு, குளிர் குமிழை மட்டும் திருப்புங்கள். அப்போது மட்டும் டக் டக் என்றால் உள்ளே இருக்கும் காற்றுக் கதவு. ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபேன்தான். வேகம் கூடக் கூட 'டிக்' நெருங்குகிறது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக உள்ளே விழும் இலையும் குச்சியும் நேராக ஃபேன் கூண்டுக்குள், அதாவது காற்றைத் தள்ளும் சுழல் உருளைக்குள், போய்ச் சேரும். வளைவில் சத்தம் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: அந்தக் குப்பை இடம் மாறுகிறது, அல்லது மோட்டார் தண்டில் ஆட்டம் இருந்து கூண்டு ஒரு பக்கம் சாய்ந்து உறையில் உரசுகிறது. காலைக் கீச்சு வேறு சங்கதி. தண்டைத் தாங்கும் வளையமான புஷ் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். க்ளோவ் பாக்ஸுக்குக் கீழே வட்டமாக ஒரு மோட்டார் தெரியும், சில வண்டிகளில் அது இன்ஜின் பக்கம் இருக்கும். ஒயர் சாக்கெட்டையும், மோட்டாரைக் குளிர்விக்கும் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதையும் விடுவித்து, சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்தால் கூண்டோடு இறங்கிவிடும். கூண்டு விளிம்பில் சின்ன உலோகக் கிளிப் ஒன்றிரண்டு இருந்தால் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்காதீர்கள். சமநிலைக்காக வைத்தவை அவை. பிடுங்கினால் பிறகு அதிர்வு போகவே போகாது.

பதில் 2

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எலி கூடு கட்டியிருந்தால் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தத் தூசி நோய் பரப்பும். மாஸ்க், கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைய விட்டுத் துடைத்து எடுங்கள். என் வண்டியில் இப்படித்தான் இருந்தது, அவசரத்தில் ஊதித் தள்ளிவிட்டு ஒரு வாரம் பயத்தோடு இருந்தேன்.

கேட்டவர்

கழற்றிவிட்டேன். கூண்டுக்குள் இலைக்காம்பு இரண்டு, ஒரு கைப்பிடி மக்கிய பஞ்சு. எடுத்தபின் கூண்டைக் கையால் சுண்டினேன். ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை, மணல் அரைப்பதுபோல் நின்றுவிட்டது. தண்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் நன்றாகவே ஆடுகிறது. மோட்டார் சாக்கெட்டின் ஓரம் பழுப்பாகி லேசாக உருகியிருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டலாமா அண்ணா?

பதில் 1

எண்ணெய் விட்டால் கீச்சு சில நாள் அடங்கும். தேய்ந்த புஷ்ஷுக்குத் திரும்ப உருவம் கொடுக்க எண்ணெயால் முடியாது. தண்டில் ஆட்டம் வந்துவிட்ட மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். உங்களிடம் முதலில் சொன்னவர்கள் பார்க்காமல் சொன்னது தவறு, ஆனால் சொன்ன முடிவு சரி.

எனக்கு மோட்டாரைவிட அந்த உருகிய சாக்கெட்தான் கவலை. இறுகிச் சுற்றும் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். பிடிப்பு தளர்ந்த முனைகளில் அந்த ஆம்பியர் சூடாக மாறுகிறது. குறைந்த வேகங்களில் அதே ஆம்பியர், ஃபேன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் வழியாகவும் போகிறது. ரெசிஸ்டரைக் குளிரவைப்பது ப்ளோயர் காற்றுதான், காற்றோ குறைந்துவிட்டது. அதனால்தான் இப்படிப்பட்ட மோட்டாரை இழுத்தடித்தால் கடைசியில் ரெசிஸ்டர் எரிந்து, அதன் வழியாகப் போகாத நான்காம் வேகம் மட்டும் மிஞ்சும். புது மோட்டாரை உருகிய சாக்கெட்டில் மாட்டாதீர்கள். ஒயர் முனையோடு சாக்கெட்டையும் மாற்றுங்கள், ரெசிஸ்டர் சாக்கெட்டையும் கழற்றிப் பாருங்கள். ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடவே கூடாது, ஒயர் எரியும்.

கேட்டவர்

மோட்டாரும் சாக்கெட்டும் மாற்றியாயிற்று. ரெசிஸ்டர் பக்கம் சுத்தமாக இருந்தது. முதலில் போட்டபோது சத்தமே இல்லை, ஆனால் காற்றும் மெலிதாகத்தான் வந்தது. ஒரு மணி நேரம் குழம்பினேன். புது சாக்கெட்டில் ஒயர் இரண்டையும் இடம் மாற்றிச் சேர்த்திருக்கிறேன், கூண்டு தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. இந்த வகைக் கூண்டு எப்படிச் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், பலம் மட்டும் இருக்காது என்று அப்போதுதான் புரிந்தது. மாற்றிச் சேர்த்ததும் கண்ணாடிப் பனி வேகமாக விலகியது.

கண்ணாடிக்குக் கீழே அந்தச் சல்லடையில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. உள்பக்கமாகக் கம்பிவலை வைத்துக்கொண்டிருக்கிறேன். மிக்க நன்றி அண்ணா.