புதுப்பிப்பு: மணியின் வாய் நாற்றம்

போன மாசம் கேட்டிருந்தேனே, எங்க நாய் மணி கிட்ட வந்தாலே கருவாட்டு வாடை அடிக்குதுன்னு. புதினா, எலும்புன்னு நீங்க சொன்ன ரெண்டும் வேலைக்கு ஆகலை.

டாக்டர் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார்: கடைவாய்ப் பல்லில் பழுப்பா, காரை பூசின மாதிரி கறை. ஈறு ஓரம் செக்கச்செவேல். முதல்ல ரத்தப் பரிசோதனை (சிறுநீரகம் கெட்டாலும் வாய் நாறுமாம், நல்லவேளை, அதுல குறை இல்லை). அப்புறம் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் பண்ணி, ஆடின பல் ஒண்ணைப் பிடுங்கினார். 42-ல் ஒண்ணு போச்சு.

இப்போ தினமும் ராத்திரி நாய்க்கான பேஸ்ட்தான். நம்ம பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அவனுக்குத் துப்பத் தெரியாது, அதுல சைலிட்டால்ங்கிற இனிப்பு இருந்தா உயிருக்கே ஆபத்து. முதல் வாரம் பிரஷ்ஷையே கடிச்சுக் குதறினான். இப்போ சிக்கன் வாசனைக்கு ஓடி வர்றான்.