சார்ல்ஸ்டனில் அம்மா பார்த்த நெல்வயல்

அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குப் போய்வந்த பலரும் வண்ண வீடுகளையும் குதிரை வண்டியையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஈஸ்ட் பே தெருவில் வரிசையாக நிற்கும் அந்த 13 வீடுகள் அழகுதான். ஆனால் அந்த ஊருக்குப் பணம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் ஊரே வேறு மாதிரி தெரியும். அங்கே கொழித்தது நெல்.

நான் போனது அம்மாவோடு. மன்னார்குடிப் பக்கம் நாற்று, நடவு, அறுப்பு என்றே வாழ்ந்தவர். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆஷ்லி ஆற்றங்கரையில் மிடில்டன் பிளேஸ் என்ற பழைய பண்ணை இருக்கிறது. 1741இல் தொடங்கிய அதன் தோட்டத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். அம்மா தோட்டத்தைச் சுற்றிவந்து "நல்லாருக்கு" என்றார், அவ்வளவுதான். மாதிரிக்காகப் போட்டிருந்த சின்ன நெல்வயலைப் பார்த்ததும் வரப்போரம் போய் நின்றுவிட்டார். கரோலினா கோல்ட் என்ற ரகம். முற்றிய நெல் பொன்னிறமாக இருப்பதால் அந்தப் பெயர்.

வழிகாட்டி பாசன முறையை விளக்கினார். சதுப்புக் காட்டை வெட்டி, கரை கட்டி, கரையில் மரத்தால் மதகு வைப்பார்கள். கடல் ஏற்றத்தின்போது ஆற்றில் நீர் உயரும். மதகைத் திறந்தால் வயல் நிறையும். வற்றத்தின்போது திறந்தால் வடியும். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கேட்டார்: "ஏன்டா, கடல் ஏறினா உப்புத்தண்ணி வந்துடாதா? பயிரு கருகிடுமே?"

அதை அப்படியே கேட்டேன். வழிகாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. கடலின் ஏற்றம் ஆற்றின் நன்னீரைத்தான் பின்னுக்குத் தள்ளி உயர்த்துகிறது; உப்புநீர் கனமானது, அடியில் தங்கும். ஏற்றத்தின் வீச்சு எட்ட வேண்டும், உப்பு எட்டக் கூடாது. அப்படிப்பட்ட இடம் பார்த்து வயல் போட வேண்டும். மதகை ஒரே ஒரு தடவை தப்பாகத் திறந்தாலும் வெள்ளாமை போச்சு.

இந்த வேலையெல்லாம் செய்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். செனகாம்பியா, சியரா லியோன் பகுதிகளில் காலங்காலமாக நெல் விளைவித்தவர்கள். 'நெற்கரையிலிருந்து வந்தவர்கள்' என்று விளம்பரம் போட்டே அவர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். இடுப்பளவு சேற்றில், பாம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவே மைல் கணக்கில் கரை எழுப்பியது அவர்கள் கை. பண்ணைக்குள்ளேயே 'எலைசாவின் வீடு' என்று ஒரு பழைய வீடு இருக்கிறது; அங்கே, பண்ணைக்குச் சொந்தக்காரர்களான மிடில்டன் குடும்பம் அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. தோட்டத்தோடு திரும்பிவிடாமல் அதையும் அவசியம் படியுங்கள்.

நகருக்குள் அரைநாளாவது ஒதுக்க வேண்டிய இடம், 2023 ஜூனில் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறை மண்ணின் மேல் கட்டடம் படக் கூடாது என்று தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் சுமார் 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்ததாக மதிப்பிடுகிறார்கள். கீழே தரையில், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனிதர்களின் உருவக்கோடுகள். அவற்றின் மேல் நீர் ஏறி வடிகிறது. அங்கே என்னால் படம் எடுக்க முடியவில்லை.

சிட்டி மார்க்கெட்டில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே அடிமைகளின் வழிவந்த கல்லா கீச்சி இனப் பெண்கள் உட்கார்ந்து கூடை முடைவார்கள். ஒருவகை வாசனைப் புல்லும் கோரையும் சேர்த்து, பனை இனத்து ஓலை நாரால் தைக்கிறார்கள். ஊசிக்குப் பதில், தேய்த்துக் கூராக்கிய ஸ்பூன் கைப்பிடி. வட்டமாக, ஆழமில்லாமல் இருந்த ஒரு தட்டை அம்மா கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்து, வெறும் தட்டையே புடைத்துக் காட்டினார். முடைந்துகொண்டிருந்த அம்மாள் வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவரும் ஒன்றை எடுத்துப் புடைத்தார். அவர் பாட்டி வீட்டில் மர உரலில் நெல் குத்தி, இதில்தான் உமி போக்குவார்களாம். பிறகு இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். விலை கூடுதல்தான், சின்னக் கூடையே ஐம்பது டாலரைத் தாண்டும். ஒரு கூடைக்கு எத்தனை நாள் உழைப்பு என்று பார்த்தபின் பேரம் பேச மனம் வராது. படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இறாலும் கிரிட்ஸும் எல்லா ஓட்டலிலும் கிடைக்கும். வெள்ளை மக்காச்சோள ரவைக் கஞ்சியின் மேல் இறால். எனக்கு அதைவிட ஹானிபல்ஸ் கிச்சனில் சாப்பிட்ட நண்டுச் சோறு பிடித்தது. அலங்காரமே இல்லாத, உள்ளூர்க்காரர்கள் வந்து போகும் கடை. தக்காளி போட்டுச் சிவப்பாக வரும் ரெட் ரைஸும், காராமணி இனப் பயறு போட்ட ஹாப்பின் ஜானும் இந்த ஊரின் சொத்து. சைவர்கள் கவனிக்க: ரெட் ரைஸ், பயறு, கீரை எல்லாவற்றிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். அம்மா நம்பிச் சாப்பிட்டது பென்னி வேஃபர். அப்பளம்போல மெல்லிய எள் பிஸ்கட்டு; எள்ளும் ஆப்பிரிக்கர்களோடு வந்ததுதான்.

கரோலினா கோல்ட் அரிசி பையில் கிடைக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் சாகுபடி சரிந்து, புயல்களிலும் அடிபட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழியும் நிலைக்கு வந்த ரகத்தை 1980களில் மீட்டிருக்கிறார்கள். முழு அரிசியைவிட நொய்யை வாங்குங்கள். முழு அரிசி கப்பலேறியது, வயலில் உழைத்தவர்களுக்கு மிஞ்சியது நொய்தான். அம்மா அதில் கஞ்சி வைத்தார். நல்ல மணம், குழைவு.

கார் நிறுத்துவதற்கு முன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் பகுதி ஓடையைத் தூர்த்த இடம். பெரிய ஏற்றம் வந்தால் வெயில் அடிக்கும்போதே தெருவில் தண்ணீர் நிற்கும்.

வடக்கே சுமார் 60 மைலில் ஜார்ஜ்டவுனில் நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்களுக்கு நேரம் போதவில்லை. போனவர்கள் இருந்தால் விவரமாக எழுதுங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.