அறியாமைத் திரையை வகுப்பில் விளையாடலாமா?

கீழத்தெரு:
11-ஆம் வகுப்புக்கு அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாட்டை உரையாகச் சொன்னால் மனப்பாடம்தான் மிஞ்சும். விளையாட விடுங்கள். 40 பேர் என்றால் ஐந்து ஐந்து பேராக 8 குழு. கரும்பலகையில் மூன்று ஊர். ஊருக்கு ஐந்து வீடு. வீட்டுக்கு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று எழுதுங்கள்.

அ ஊர்: 6, 6, 6, 6, 6
ஆ ஊர்: 16, 12, 9, 8, 7
இ ஊர்: 25, 20, 14, 10, 2

எந்த வீடு தனக்கு வாய்க்கும் என்று தெரியாமலே குழு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட்டு. ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலில் சொன்ன அறியாமைத் திரை இதுதான். எல்லாருக்கும் சமம் என்றால் அ. ரால்ஸின் வாதம் போவது ஆ பக்கம், ஏனென்றால் அங்கே கடைசி வீட்டுக்கே 7 கிடைக்கிறது. எவ்வளவு விளக்கினாலும் பிடிபடாத இந்த வேறுபாடு, 6-ஐயும் 7-ஐயும் பக்கத்தில் பார்த்ததும் பிடிபட்டுவிடும்.

ஏதுவாதி:
இதில் பிள்ளைகள் கற்பது நீதியை அல்ல, பந்தயம் கட்டுவதை. ஐந்து வீடு, ஐந்து சீட்டு என்றதுமே கணக்குத் தெரிந்த மாணவி கூட்டி வகுத்துவிடுவாள்: அ 6, ஆ 10.4, இ 14.2. இ-தான் லாபம் என்பாள். அவள் சொல்வதில் பிழையும் இல்லை. பொருளியலாளர் ஜான் ஹர்சானி 1975-இல் ரால்ஸை மறுத்தது ஏறக்குறைய இதே வழியில்தான். ஆய்வாளர்கள் நார்மன் ஃபிரோலிக்கும் ஜோ ஓப்பன்ஹைமரும் குழுக்களை வைத்து நடத்திய சோதனைகளிலும் பெரும்பாலான குழுக்கள் ரால்ஸ் சொன்னதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசி ஆளுக்கு ஒரு குறைந்தபட்சத்தை உறுதிசெய், அதற்கு மேல் சராசரி உயரட்டும் என்பதே அவர்கள் முடிவு. விடையை ஆசிரியர் முன்கூட்டியே வைத்துக்கொண்டு நடத்தினால் அது மெய்யியல் வகுப்பே அல்ல.

கீழத்தெரு:
ஹர்சானி பற்றிச் சொன்னது சரி. ஆனால் பிழை சீட்டில் இருக்கிறது, விளையாட்டில் இல்லை. நிகழ்தகவும் தெரியக்கூடாது என்பது ரால்ஸின் நிபந்தனை. குழுவுக்கு ஐந்து சீட்டு வைக்காமல், வகுப்புக்கே ஒரு பையில் 40 சீட்டு போடுங்கள். எந்த எண் வீட்டுக்கு எத்தனை சீட்டு என்று சொல்லவே சொல்லாதீர்கள். சராசரி போடுகிற வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்று, 2 குடம் என்பதை வெறும் எண்ணாக விடக்கூடாது. 15 லிட்டர் குடம் என்று வைத்தால் 30 லிட்டர். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாம் அதற்குள்தான். ஒருமுறை விழுந்த சீட்டு ஆயுளுக்கும் அதுதான் என்றும் சொல்லுங்கள். ஃபிரோலிக் சோதனைக்கும் இடம் உண்டு: ஈ ஊர் என்று ஒரு வரியைக் காலியாக விட்டு, குழுக்களே எண்களை நிரப்பட்டும்.

மாலைநேரம்:
ஒன்று விட்டுப்போனது. சமமாகப் பங்கிட்டால் மொத்தத் தண்ணீர் ஏன் 52-இலிருந்து 30-ஆகக் குறைகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். அதற்குக் காரணம் சொல்லாவிட்டால் எல்லாரும் அ என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பராமரிக்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அது பழுதில்லாமல் ஓடும், அதனால் தண்ணீர் பெருகும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீட்டில் வீட்டு எண் மட்டும் போதும். சாதியோ தொழிலோ எழுதினால் அந்த அடையாளம் உள்ள பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்காது.

ஏதுவாதி:
திருத்தங்களை ஏற்கிறேன். ஆனாலும் தேர்வு வேறு, வாதம் வேறு. கை தூக்கி எண்ணினால் பெரும்பான்மை தெரியும், காரணம் தெரியாது. மணிமேகலை 29-ஆம் காதையில் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று வாதத்தின் அளவை வரிசை இருக்கிறது. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்பதும் அங்கேயே உண்டு. ஆகவே ஒவ்வொருவரும் மூன்றே வரி எழுதட்டும்.

தடுக்குவது மூன்றாம் வரியில். "ஆ நியாயம், கடைசி வீடும் உயர்வதால், பேருந்தில் முதியோர் இருக்கை போல" என்று எழுதுவார்கள். அந்த உவமை பொருந்தாது. பேருந்தில் கூடுதல் சலுகை பெறுபவர் இயலாதவர். ஆ ஊரில் கூடுதல் பெறுபவரோ மோட்டார்காரர். குக்கிராமத்து மருத்துவருக்கு அதிகச் சம்பளம் கொடுத்தால் அவர் அங்கேயே தங்குவார், நோயாளிக்கும் நல்லது என்றால் பொருந்தும். இந்த ஒரு வரியைத் திருத்தும்போதுதான் பிள்ளைகள் சிந்திக்கிறார்கள். 45 நிமிடத்தில் விளையாட்டே 25-ஐத் தின்றால் இதற்கு எங்கே நேரம்?

கீழத்தெரு:
சீட்டை இரண்டாம் பாடவேளைக்குத் தள்ளிவிடலாம். முதல் வகுப்பில் ஊர்களைச் சொல்ல 5 நிமிடம், குழுப்பேச்சு 15, மீதி முழுக்க மூன்று வரி. தாள்களை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2 குடம் வீடு விழுந்த பிறகு யாரும் தன் ஏதுவை மாற்றி எழுத முடியாது.

ஏதுவாதி:
மாற்ற நினைத்தால் மாற்றட்டும், ஆனால் பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே எழுதட்டும்.